சிற்றிலும் சிறுதேரும்

கலித்தொகையின் 51ஆம் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். கபிலர் பாடிய குறிஞ்சிக்கலி. தலைவி தன் தோழியிடம் ஒரு பழைய கதையைச் சொல்கிறாள். தெருவில் நாம் மணல்வீடு கட்டி விளையாடியபோது அதைக் காலால் உதைத்துச் சிதைத்தானே, நாம் சூடியிருந்த மாலையை அறுத்தானே, வரிப்பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினானே, அந்தப் பையன் ஒருநாள் தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வந்தான். கொடுக்கப்போன என் கையைப் பிடித்தான். நான் அலறினேன். அம்மா ஓடிவந்தாள். அவனுக்குத் தண்ணீர் விக்கிக்கொண்டது என்று சொல்லிவிட்டேன். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் என்னைக் கடைக்கண்ணால் பார்த்துச் சிரித்தான்.

மாணவிகளுக்கு மிகவும் பிடித்த பாட்டு இது. சினிமாக் காட்சிபோல இருக்கும். குறும்பு, களவு, நகை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். சில ஆண்டுகளுக்கு முன்பு கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்.

“மேடம், அந்த மணல்வீடு எப்படி இருந்துச்சு?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். “அதெல்லாம் பாட்டுல இல்லம்மா” என்றேன். வீடு திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது. முனைவர் பட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் இந்தப் பாடல்களோடு குடித்தனம் நடத்தியவள் நான். உதைத்தவனைப் பற்றி, உதைத்ததன் உட்பொருளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். உதைபட்ட வீட்டுக்கு எத்தனை அறை என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

நம் இலக்கியம் விளையாட்டைப் பங்கு பிரித்த விதம் அப்படி. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதல் ஏழும் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில் பாதை பிரிகிறது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். சில நூல்களில் கழங்கும் வரும். பெயரைக் கேட்டால் சிற்றில் என்பது ஆண்குழந்தை கட்டும் வீடு என்று தோன்றும். அப்படியில்லை. சிறுமிகள் கட்டிய வீட்டை அவன் சிதைக்க வருகிறான், சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். அதுதான் அந்தப் பருவம். கட்டியவர்களின் விளையாட்டு உடைத்தவனின் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது.

சக்கரமும் அவனுக்குத்தான். பட்டினப்பாலையில் ஒரு காட்சி வரும். வீட்டு முற்றத்தில் உலரும் உணவைக் கொத்த வந்த கோழியை விரட்ட, காவலிருக்கும் பெண்கள் காதுக்குழையைக் கழற்றி எறிகிறார்கள். கீழே கிடக்கும் அந்தக் குழை, சிறுவர்கள் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரைத் தடுக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைச் சொல்ல வந்த காட்சி இது. யார் காவலிருந்தார்கள், யார் தேர் உருட்டினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

எங்கள் வீட்டில் தேர் என்பது சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில். மாரியம்மன் திருவிழாக் கடையில் அப்பா அதை அண்ணனுக்கு வாங்கினார். எனக்குச் சொப்புச் சாமான். ரயிலின் சுருள்வில் ஒரு வாரத்தில் அறுந்தது. அறுந்த பிறகு அது எனக்கு வந்தது. சக்கரம் சுற்றாத வண்டியைத் திண்ணையில் வைத்துக் கையால் தள்ளிக்கொண்டு வருவேன்.

இதில் இன்னொரு வேடிக்கை, நாங்கள் இருந்த ஊரில் ரயிலே கிடையாது. கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டத்தின் தலைநகர் ஆனது. ஆனாலும் ரயில் நிலையம் வரவில்லை. ரயில் பார்க்க வேண்டுமானால் ஓசூருக்கோ திருப்பத்தூருக்கோ தருமபுரிக்கோ பேருந்து ஏற வேண்டும். முன்பு இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், பஞ்சம் வந்தால் கைகொடுக்கும் என்று இரண்டரை அடி அகலத் தண்டவாளம் போட்டார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒன்று, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒன்று. தருமபுரிப் பாதை பின்னர் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குள் எல்லாம் முடிந்துபோயின. என் பாட்டி சிறுமியாக இருந்தபோது ஒரே ஒருமுறை அந்தச் சின்ன ரயிலில் போயிருக்கிறாள். “வழியில எறங்கி நாவப்பழம் பொறுக்கிட்டு ஓடிப்போய் ஏறிக்கலாம், அவ்ளோ மெதுவாப் போவும்” என்பாள். பொறுக்கினாயா என்று கேட்டால், “பையனுங்க எறங்குனானுங்க. நாங்க சன்னல்ல பாத்துட்டிருந்தோம்” என்பாள்.

நாற்பதை நெருங்கும்போது எனக்கு ஒரு ரயில் கிடைத்தது. பெங்களூரில் தோழி ஒருத்தி வீடு மாறினாள். மகன் வெளிநாடு போய்விட்டதால் அவனுடைய பழைய சாமான்களைக் கழித்துக்கொண்டிருந்தாள். செருப்புப் பெட்டி ஒன்றில் ஜப்பானியத் தண்டவாளத் துண்டுகளும், ஆள்காட்டி விரல் நீளமே உள்ள ஒரு டீசல் எஞ்சினும், இரண்டு பெட்டிகளும் இருந்தன. “உன் தங்கச்சி பையனுக்குக் கொடு” என்றாள். சரி என்று வாங்கினேன். கொடுக்கவில்லை.

அது ‘என்’ அளவு. ஆங்கிலத்தில் ஒன்பதைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும்கூட ஒன்பதின் முதல் எழுத்து அதுதான். தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர். உலகத்தில் 160 மீட்டர் இருப்பது இங்கே ஒரு மீட்டர். இதைவிடச் சிறியவையும் உண்டு. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1972இல் 6.5 மில்லிமீட்டர் அகலத்தில் கொண்டுவந்தது. ஜப்பானில் 3 மில்லிமீட்டர்வரை இறங்கிவிட்டார்கள். என் உயரம் 160 சென்டிமீட்டர். அந்த உலகத்தில் நான் சரியாக ஒரு சென்டிமீட்டர். ஐந்தரை மீட்டர் புடவை மூன்றரை சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும்.

மாதிரி ரயில் என்றால் பெரிய அறை நிறைய மலையும் பாலமும் என்றுதான் நினைத்திருந்தேன். புனேயில் ஜோஷி என்பவரின் சிறு ரயில் அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001இல் தொடங்கிய சிற்றுலகம் ஒரு பெரிய கிடங்கின் மாடிகளை நிறைத்திருக்கிறது. மிகப் பெரிய உழைப்பு; மறுப்பதற்கில்லை. ஆனால் அப்படி ஒரு அறை யாருக்குக் கிடைக்கும்? எங்கள் ஓசூர் வீட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்றில் அத்தை. இன்னொன்றில் நாங்கள் இருவரும் பீரோவும் விடைத்தாள் கட்டுகளும். எனக்கென்று இருப்பது சாப்பாட்டு மேசை. அதுவும் இரவு ஒன்பதரைக்குப் பிறகு, துடைத்து முடித்த பின்.

அப்போதுதான் ‘டி-டிராக்’ என்ற முறையைப் பற்றிப் படித்தேன். ரயில்பாதை முழுவதையும் ஒரே பலகையில் கட்டாமல் துண்டுதுண்டாகக் கட்டும் முறை. அமெரிக்காவில் 1970களிலேயே இப்படித் துண்டுகளை இணைக்கும் குழுக்கள் உண்டு. அவர்களுடைய ஒரு துண்டு நான்கடி நீளம், இரண்டடி அகலம். ஏற்றிப்போக வண்டி வேண்டும், தூக்க இரண்டு பேர் வேண்டும். ஜப்பானில் 2000ஆம் ஆண்டு வாக்கில் மிஹோகோ ஓகாகி என்ற பெண் இதை மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சுருக்கினார். அதைப் பார்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பரப்பியவர் லீ மொனாகோ-ஃபிட்ஜெரால்ட். அவரும் பெண்தான். இதைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு துண்டு என்பது மூடி இல்லாத பெட்டியைக் கவிழ்த்துவைத்ததுபோல. நீளம் 308 மில்லிமீட்டர், ஓர் அடி அளவுகோலைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மேலே ஓடும் தண்டவாளத்தின் நீளம் 310. இரண்டு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த பெட்டியின் தண்டவாளத்தோடு இதைச் சேர்த்து அழுத்தினால் கிளிப் கவ்விக்கொள்ளும். மின்சாரமும் அதன் வழியே போகும். மேசை மேடுபள்ளமாக இருந்தால் நான்கு மூலையிலும் இருக்கும் போல்ட்டைத் திருகி உயரத்தைச் சரிசெய்யலாம். விதிகள் அவ்வளவுதான். ஓரத்தில் தண்டவாளம் எங்கே வர வேண்டும் என்பது மட்டும் பொது. நடுவில் மலையா, சந்தையா, மயானமா என்று யாரும் கேட்க முடியாது. வேலை முடிந்ததும் தூக்கிப் பீரோ மேல் வைத்துவிடலாம். காலையில் இட்லித் தட்டுக்கு மேசை தயார்.

நான் கிருஷ்ணகிரி ஸ்டேஷனைக் கட்டினேன். இல்லாத ஸ்டேஷன்.

தச்சுப் பட்டறையில் கழிந்த பிளைவுட்டில் பெட்டி. தண்டவாளத்துக்கு இருபுறமும் கொட்டும் ஜல்லிக்கு, எங்கள் மாவட்டத்துக்கே உரிய கிரானைட் தூளைத் தேயிலை வடிகட்டியில் சலித்துப் போட்டேன். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிச் செம்புக் கம்பியில் ஒட்டினால் மாமரம்; ஐந்து சென்டிமீட்டர் உயரம் இருந்தால் நன்றாக விளைந்த மரம். மலைக்கோட்டையை அளவுப்படி செய்தால் மேசை தாங்காது என்பதால் அட்டையில் வரைந்து பின்னால் நிறுத்தினேன். நம் ஊர் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். கணக்குப்படி எனக்குப் பத்தரை மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். அப்படி ஒன்று கடையில் கிடைக்காது, ஒன்பதிலேயே ஓட்டினேன். நம் ரயில் பெட்டி ஒன்று சுமார் 15 சென்டிமீட்டர் வரும். என் பிளாட்பாரத்தில் இரண்டு பெட்டி நிற்கும்.

கடையில் விற்கும் மனித உருவங்களில் தொப்பி போட்ட ஆண்கள், கோட்டு போட்ட ஆண்கள், கையில் பெட்டியோடு பாவாடை அணிந்த ஒன்றிரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். புடவைக்காரிகளை நானே செய்தேன். ஊசிமுனையில் பசையைத் தொட்டு மெல்லிய காகிதத்தைச் சுற்ற வேண்டும். இருபத்திரண்டு பேர். ஒருத்தி பிளாட்பாரத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருக்கிறாள். அவள் பாட்டி. கடைசியாக மஞ்சள் பலகை. ஊர்ப்பெயரை மூன்று மொழியில் எழுதினேன். நம் ஸ்டேஷன் பலகைகளில் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றும் போடுவார்கள். இல்லாத ஸ்டேஷனுக்கு எந்தப் பலகையைப் பார்த்து எழுதுவது? அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு, “கொலுவுக்கா?” என்றார். சரியான கேள்விதான். கொலு வைக்கும் வீடுகளில் பெண்கள் காலங்காலமாக இதைத்தான் செய்துவந்திருக்கிறார்கள். படிக்குக் கீழே மணல் பரப்பி, வெந்தயம் முளைக்கவைத்துப் புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், சுற்றிவர ஒரு பொம்மை ரயில். ஒன்பது நாள் முடிந்ததும் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுவார்கள். எல்லா வீட்டுக்கும் வாய்த்த வழக்கமில்லை அது. எங்கள் வீட்டில் பொம்மையும் இல்லை, படியும் இல்லை. ஆனால் அந்தச் சின்ன உலகத்துக்கு ஓர் அனுமதிச் சீட்டு இருந்தது. அம்மனுக்காக, வரும் சுமங்கலிகளுக்காக, குடும்பத்தின் நன்மைக்காக. என் பெட்டிக்கு அப்படி எதுவும் இல்லை. “இல்லைங்க, எனக்குத்தான்” என்றேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். கவிதை எழுதுகிறேன் என்று சொன்னபோதுகூட அவர் இவ்வளவு சங்கடப்படவில்லை.

இரவு பதினொன்றரைக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். அப்போதெல்லாம் ஆண்டாள் நினைவுக்கு வருவாள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து முழுக்கச் சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் கேட்பதுதான். கபிலர் சொல்லாமல் விட்டதை அவள் சொல்லியிருக்கிறாள். நுண்மணலைச் சலித்ததை, முதுகு நோக நாளெல்லாம் உட்கார்ந்து இழைத்ததை. கட்டியதைக் கண்ணாரப் பார்த்து ஆசை தீர விடு என்கிறாள். அந்த வரியைப் பக்தி என்று பல வருடம் நடத்தியிருக்கிறேன். எஞ்சினுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு, மேசை மட்டத்துக்குக் கன்னத்தைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் என் பிளாட்பாரத்தைப் பார்த்த இரவில்தான் அது வேலை செய்தவளின் குரல் என்று விளங்கியது.

பிறகு அது நடந்தது. வீட்டில் ஒரு விசேஷம். உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். பீரோ மேல் இருந்த பெட்டியை யாரோ ஆசையாக இறக்கிக் காட்டப்போய்த் தரையில் வைத்திருக்கிறார்கள். ஐந்து வயதுப் பையன் ஒருவன் ஓடிவந்து அதன்மேல் ஏறிக் குதித்தான். நான் அடுக்களையிலிருந்து வரும்போது பிளாட்பாரம் இரண்டாகப் பிளந்திருந்தது. மாமரங்கள் அவன் காலுறையில் ஒட்டியிருந்தன. எல்லோரும் சிரித்தார்கள். “பையன்னா அப்படித்தான்.” அவனுடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

“பரவாயில்ல, அது முன்னாடியே விரிசல் விட்டிருந்துச்சு” என்றேன்.

விரிசல் எதுவும் இல்லை. அதற்கு முந்தின இரவுதான் பார்த்திருந்தேன். சொல்லி முடித்த கணத்தில் என் வாயிலிருந்து வந்தது யாருடைய வசனம் என்று தெரிந்துவிட்டது. தண்ணீர் விக்கிக்கொண்டது, அம்மா. வீடு சிதைந்தவளே சாட்சியையும் கலைத்துவிடுகிறாள். குழந்தைமேல் எனக்குக் கோபமில்லை. அவன் கால் அறியாத கால். என் நாக்கு அப்படியில்லை. அது படித்த நாக்கு, பயிற்சி பெற்ற நாக்கு.

பல மாதம் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அதை மறுபடி வெளியே எடுக்கவைத்தவள் அன்றைக்குக் கடைசி வரிசையிலிருந்து கேள்வி கேட்ட அதே மாணவி.

பட்டம் முடித்துவிட்டு ஓசூர்ப் பக்கத்தில் ஒரு மின்னணு ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இந்த ஊருக்குச் சின்ன வேலை புதிதில்லை. 1980களில் டைட்டன் கடிகார ஆலை இங்கே வந்தது. இப்போது கைபேசி உதிரிபாகங்கள். விடியற்காலையில் பேருந்து பேருந்தாகப் பெண்கள் போகிறார்கள். தருமபுரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பெண்கள், வடமாநிலத்துப் பெண்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சான்றிதழ் ஒன்றில் கையெழுத்து வாங்க வந்தவள், உடைந்த பெட்டியைப் பார்த்தாள். ஒரு புடவைக்காரியை நகத்தால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இவ்ளோ சின்னதா நாங்களும்தான் பண்றோம் மேடம். எட்டு மணி நேரம் ட்வீசர்தான். ஆனா என்னத்துக்குள்ள போகுதுன்னு தெரியாது.” பிறகு சொன்னாள்: “இன்டர்வியூல எங்க கையத்தான் பாத்தாங்க. பொண்ணுங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி, விரல் பொறந்ததுலேருந்தே அப்படின்னாங்க.”

பிறந்ததிலிருந்து இல்லை. அவளுடைய அம்மா ஓசூர் ரோஜாப் பண்ணையில் கூலிக்குப் பூ தரம் பிரிப்பவர். இவள் ஆறு வயதில் கோலப்புள்ளி வைத்தாள், எட்டு வயதில் மல்லி கட்டினாள், பத்து வயதில் ராகிக் காட்டில் களை எடுத்தாள். டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ஏற்றுமதி ஆலைகள் மூன்றாம் உலகப் பெண்களின் சுறுசுறுப்பான விரல்களை ஏன் தேடுகின்றன என்று கேட்ட கட்டுரை. அந்த விரல் இயற்கையில் வந்ததில்லை, வீட்டுக்குள் தாயிடமும் பாட்டியிடமும் பெற்ற பயிற்சி என்றார்கள் அவர்கள். அந்தப் பயிற்சி யார் கண்ணுக்கும் படாததால் அதற்குத் திறமை என்ற பெயர் கிடைப்பதில்லை. திறமை என்ற பெயர் இல்லாததால் கூலியும் இல்லை. இதை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ எனக்கும் ஒரு பெட்டி பண்ணத் தெரியும்” என்றாள்.

அவள் இருந்தது விடுதியில், ஓர் அறைக்கு ஆறு பேர். அவளுக்கென்று இருப்பது இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான். 308 மில்லிமீட்டர் அந்த டிரங்குப் பெட்டிக்குள் அடங்கியது. பிளைவுட்டும் ஒரு தண்டவாளத் துண்டும் என்னுடையவை. மற்றதை விடுப்பு நாட்களில் அவளே செய்தாள். நான்கு மாதம் ஆனது. ஒரு சனிக்கிழமை துறை அறையில், விடைத்தாள் கட்டுகளை ஒதுக்கிவிட்டு, இரண்டு பெட்டிகளையும் மேசையில் வைத்தோம். நான் என் பிளாட்பாரத்தை ஒட்டவைத்திருந்தேன். பிளந்த கோடு தெரியும்படி அப்படியே விட்டிருந்தேன்.

அவளுடைய துண்டில் பேருந்தும் இல்லை, ஆலையும் இல்லை. தண்டவாள ஓரத்தில் ஒரே ஒரு வீடு. கூரை கிடையாது, மேலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும். உண்மையான ஆற்றுமணலைப் பசையில் குழைத்துச் சுவர் எழுப்பியிருந்தாள். முன்பக்கம் திண்ணை. உள்ளே மூன்று அறைகள். அடுப்பு ஒரு மூலையில், நகக்கண் அளவு. ஓர் அறையில் கட்டில், ஒரே ஒரு கட்டில். பக்கத்து அறையில் ஒன்றுமில்லை.

“இது எதுக்கு?” என்று காலி அறையைக் காட்டிக் கேட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்னிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி அது.

“எதுக்கும் இல்ல மேடம். காலியா இருக்கட்டும்.”

இரண்டு பெட்டிகளையும் சேர்த்து அழுத்தினோம். எஞ்சின் என் பிளாட்பாரத்திலிருந்து கிளம்பி இணைப்பில் வந்து கவிழ்ந்தது. அவள் பெட்டி இரண்டு மில்லிமீட்டர் தாழ்வு. என் போல்ட்டை இறக்கப் போனேன். “நீங்க எறங்காதீங்க, நான் ஏத்துறேன்” என்று சொல்லி அவள் தன் பெட்டியின் நான்கு மூலைகளையும் திருகினாள். மறுபடி விட்டோம். நீல எஞ்சின் இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, வராத ஊரின் ஸ்டேஷனைக் கடந்து, மணல்வீட்டின் திண்ணையோரமாகப் போய் மேசை விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பிறகு பின்னோக்கி வந்தது. வளைவுத் துண்டுகள் எங்களிடம் இல்லை, சுற்றிவர முடியாது. முன்னும் பின்னுமாக ஒரு மணி நேரம் ஓட்டினோம். எஞ்சின் பிடியை இருவரும் மாறிமாறி வைத்துக்கொண்டோம். அப்புறம் அவளுக்கு ஷிப்ட் பேருந்து. அவள் பெட்டியை அவள் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த ஆண்டும் கலித்தொகை நடத்தினேன். பாட்டை வாசிப்பதற்கு முன்பு எல்லோரையும் நோட்டில் ஒரு மணல்வீடு வரையச் சொன்னேன். எத்தனை அறை, வாசல் எந்தப் பக்கம், யார் இருக்கிறார்கள், எல்லாம். பத்து நிமிடம். ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், விசாரித்துக்கொண்டார்கள், ஒருத்தி பக்கத்திலிருப்பவளின் தாளோடு தன் தாளைச் சேர்த்துவைத்துத் தெரு போட்டாள். அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறந்தோம். பையன் அதற்குப் பிறகுதான் வந்தான்.